கோக்கோ விவசாயி ஏன் தயங்குகிறார்?

உங்களுக்குச் சொந்தமாக ஒரு தென்னந்தோப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தந்தையார் கன்று வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்கள். ஒரு நாள் காலையில் அரசு அலுவலர் ஒருவர் நாலைந்து ஆட்களுடன் வந்து நிற்கிறார். ஆட்களின் கையில் அரிவாளும் கோடரியும் இருக்கின்றன. "உங்கள் தோப்பில் மூன்று மரங்களுக்கு நோய் கண்டிருக்கிறது. அவற்றை வெட்ட வேண்டும். அவற்றைச் சுற்றியுள்ள இருபது மரங்களையும் வெட்ட வேண்டும்" என்கிறார் அவர். "அந்த இருபதும் நன்றாகத்தானே காய்க்கின்றன?" என்று கேட்கிறீர்கள். "இப்போது காய்க்கும். ஆனால் நோய் உள்ளே இருக்கலாம்" என்று பதில் வருகிறது. புதுக் கன்று வைத்தால் பலன் காண ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்று அவர் சொல்லவில்லை. வெட்ட விடுவீர்களா?

தென்னை என்பதற்குப் பதிலாகக் கோக்கோ என்று மாற்றிக்கொண்டால், இது கற்பனை அன்று. 1940களில் மேற்கு ஆப்பிரிக்காவில், அன்று தங்கக் கடற்கரை என்று வழங்கிய இன்றைய கானா நாட்டில், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நேர்ந்தது இதுதான். அந்த விவசாயிகளில் பெரும் பகுதியினர் மறுத்தார்கள். வெட்ட வந்தவர்களை விரட்டியவர்களும் உண்டு. படிப்பில்லாதவர்கள், பழமையில் ஊறியவர்கள், புதுமுறைகளை ஏற்காதவர்கள் என்று அவர்களைப் பற்றி ஒரு பேச்சு அன்றே எழுந்தது. வளரும் நாடுகளின் விவசாயிகளைப் பற்றி இன்றும் அந்தப் பேச்சை நாம் கேட்கிறோம்.

மரத்தை வெட்டச் சொன்ன அறிவியல் சரியா? சரிதான், அதில் ஐயமில்லை. அப்படியானால் மறுத்த விவசாயி அறிவிலியா? இந்த இரண்டாம் கேள்விதான் சுவையானது. இதற்கு விடை காண, முதலில் அந்த மரத்தையும் அதைப் பயிரிட்டவர்களையும் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

எண்பது இராத்தலிலிருந்து முதலிடம்

கோக்கோ மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடுகள். தாவரவியலார் அதற்கு இட்ட பெயர் தியோபுரோமா கக்காவோ. இதன் முதற்சொல்லுக்குத் தேவர்களின் உணவு என்று பொருள். பெரிய மரங்களின் நிழலில் வளரும் சிறு மரம் இது. பலாவைப் போல அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் பூத்துக் காய்க்கும். பூ மிகச் சிறியது. கொசுவினும் சிறிய ஒருவகை ஈ அதில் மகரந்தச் சேர்க்கை நடத்துகிறது. ஒரு காயினுள் 30 அல்லது 40 விதைகள் இருக்கும். காயை உடைத்து, வழவழப்பான வெண்சதையோடு விதைகளைக் குவித்து, வாழையிலையால் மூடி ஆறு நாள் புளிக்க விடுவார்கள். பிறகு பாயில் பரப்பி வெயிலில் உலர்த்துவார்கள். புளிக்காத விதையில் சாக்லேட்டின் மணம் எழாது. நம் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கும் கோக்கோவை உங்களில் சிலர் பார்த்திருக்கக்கூடும்.

1879ல் டெட்டே குவார்ஷி என்ற கொல்லர், பெர்னாண்டோ போ தீவிலிருந்து கொண்டுவந்த விதைகளைத் தங்கக் கடற்கரையின் மாம்போங் என்னும் ஊரில் நட்டார். அவருக்கு முன்பே கிறித்துவப் பாதிரிமார்களும் முயன்றதுண்டு. 1891ல் அந்த நாட்டிலிருந்து ஏற்றுமதியான கோக்கோ வெறும் 80 இராத்தல். 1911ல் அது ஏறக்குறைய 40,000 டன்! இருபதே ஆண்டுகளில் உலகிலேயே மிகுதியாகக் கோக்கோ விளைவிக்கும் நாடாகத் தங்கக் கடற்கரை ஆகிவிட்டது.

இதைச் செய்தவர்கள் யார்? இலங்கைத் தேயிலையைப் போல வெள்ளையர் கம்பெனிகளின் பெருந்தோட்டங்கள் அல்ல. சிறு சிறு ஆப்பிரிக்க விவசாயிகளே இதைச் செய்தார்கள். பாலி ஹில் என்ற ஆங்கிலப் பெண்மணி இவர்களுடைய வரலாற்றை ஊர் ஊராகச் சென்று திரட்டி 1963ல் ஒரு நூலாக வெளியிட்டார். விவசாயிகள் பலர் ஒன்றுசேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, தொலைவில் கிடந்த காட்டை விலைக்கு வாங்கினார்கள். அவரவர் போட்ட பணத்திற்கு ஏற்ப அதை நீண்ட பட்டைகளாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். கோக்கோவில் வந்த இலாபத்தைக் கொண்டு அடுத்த காட்டை வாங்கினார்கள். இப்படியே தலைமுறைக்குத் தலைமுறை மேற்கு நோக்கி நகர்ந்தார்கள். தம் முன்னோர் கண்டறியாத ஓர் அயல்நாட்டு மரத்தின்மேல் ஐந்தாறு ஆண்டு உழைப்பைப் பணயம் வைத்த மனிதர்கள் இவர்கள். இவர்களைப் புதுமைக்கு அஞ்சியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீங்கும் தண்டு

1936ல் நாட்டின் கிழக்குப் பகுதியில் ஒரு புது நோய் தென்பட்டது. தண்டும் வேரும் ஆங்காங்கே வீங்கின. இளந்தளிர்களின் நரம்பை ஒட்டிச் செந்நிறம் படர்ந்தது. காய்கள் சிறுத்து உருண்டையாயின. பிறகு இலைகள் உதிர்ந்தன. நோய் கடுமையாக இருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் மரமே பட்டுப்போயிற்று. டாஃபோ என்ற ஊரில் 1938ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய பாஸ்னெட் என்ற அறிஞர், இந்நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதை 1940ல் ஒட்டுக்கட்டிக் காட்டி நிறுவினார். நோயுற்ற மரத்தின் திசுவை நல்ல மரத்தில் ஒட்டினால் நல்ல மரத்திற்கும் நோய் வந்தது.

வைரஸைச் சுமந்து செல்வது மாவுப்பூச்சி. செம்பருத்தியிலும் கொய்யாவிலும் வெள்ளை மாவு தூவியதுபோல் அப்பிக் கிடக்குமே, அதே குடும்பத்தைச் சேர்ந்த பூச்சிதான். அது கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைப் பசுமாடுபோல் வளர்க்கின்றன. மேலே மண்ணும் சருகும் கொண்டு கூடாரம்கூடக் கட்டிக் காக்கின்றன. தெளிக்கும் மருந்து அந்தக் கூடாரத்துக்குள் எட்டுவதில்லை. இன்னொரு செய்தியும் தெரியவந்தது. இந்த வைரஸ் கோக்கோவுடன் அமெரிக்காவிலிருந்து வந்ததன்று. இலவம்பஞ்சு மரம் போன்ற ஆப்பிரிக்கக் காட்டு மரங்களில் நெடுங்காலம் இருந்து, விருந்தாளியாக வந்த கோக்கோவுக்குத் தாவியது. நாட்டு மரங்கள் அதைத் தாங்கிக்கொண்டன; புதிதாக வந்த மரத்தால் தாங்க முடியவில்லை.

மரத்தினுள் புகுந்த வைரஸைக் கொல்ல மருந்து இல்லை; அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பூச்சியையும் ஒழிக்க முடியவில்லை. எஞ்சிய ஒரே வழி, நோயுற்ற மரத்தை வேரோடு அகற்றுவது. அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. நோய் தொற்றிய பிறகு அறிகுறி வெளியே தெரியப் பல மாதங்கள் ஆகும்; சில வேளை இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். அதுவரை அந்த மரம் பார்வைக்குப் பச்சைப்பசேலென்று நிற்கும், காய்க்கும், பக்கத்து மரங்களுக்கு நோயையும் கொடுக்கும். ஆகையால் நோய் தெரிந்த மரத்தைச் சுற்றி உள்ளவற்றையும் சேர்த்து வெட்டினால்தான் பயன் உண்டு.

இனி விவசாயியின் கணக்கைப் பாருங்கள். நோயுற்ற மரம் இன்றைக்கே செத்துவிடவில்லை. இன்னும் ஓர் அறுவடை, இரண்டு அறுவடை தரும். வெட்டிய மரமோ ஒன்றும் தராது. ஆகவே அவருடைய தோட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், வெட்டாமல் விடுவதே இலாபம்! வெட்டுவதால் வரும் நன்மை யாருக்குப் போகிறது? பெரும்பாலும் பக்கத்துத் தோட்டக்காரருக்குப் போகிறது. நட்டம் எனக்கு, நன்மை அவருக்கு. சரி, ஊர் நலனுக்காக நான் வெட்டிவிட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். அவர் வெட்டாவிட்டால், நான் புதிதாக வைத்த கன்றுகளுக்கு அவருடைய தோட்டத்திலிருந்தே மாவுப்பூச்சி வந்து சேரும். இப்படி ஒவ்வொருவரும் தம் கணக்கைச் சரியாகப் போடப் போட, ஊர் முழுவதும் தோட்டம் அழிகிறது. ஒரு தோட்டத்துக் கணக்கும் ஒரு நாட்டுக் கணக்கும் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கும் இடம் இது. ஆராய்ச்சி நிலையத்தார் நாட்டுக் கணக்கைச் சொன்னார்கள். விவசாயி தோட்டத்துக் கணக்கைச் சொன்னார். இருவரும் கூட்டலில் தவறவில்லை.

துப்பாக்கிச் சூடும் விசாரணையும்

இதனோடு நம்பிக்கை என்ற ஒன்றும் சேர்ந்துகொண்டது. 1937ல் கோக்கோ வாங்கும் ஐரோப்பியக் கம்பெனிகள் தமக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, போட்டியின்றி வாங்கத் திட்டமிட்டன. விவசாயிகள் ஒரே மூட்டையும் விற்பதில்லை என்று மாதக்கணக்கில் கோக்கோவை நிறுத்தி வைத்தார்கள். 1938ல் நோவெல் என்பவர் தலைமையில் விசாரணைக் குழு வந்தது. விற்பனை முறையையே மாற்ற வேண்டும் என்று அக்குழு கூறியது. இத்தகைய சண்டை முடிந்து பத்தாண்டுகூட ஆகாத நிலையில், அதே வெள்ளையர் அரசு "மரத்தை வெட்டு" என்று ஆணையிட்டால் எப்படி இருக்கும்? நம்மை அழிக்கத்தான் வெட்டுகிறார்கள் என்ற பேச்சு காட்டுத் தீயாகப் பரவியதில் வியப்பில்லை.

1946க்குப் பிறகு கட்டாய வெட்டு தீவிரமாயிற்று. 1948 பிப்ரவரி 28ஆம் நாள், உலகப் போரிலிருந்து திரும்பிய முன்னாள் படைவீரர்கள் தலைநகர் அக்ராவில் ஊர்வலம் சென்றார்கள். போலீசார் சுட்டதில் மூவர் மாண்டனர். நகரமெங்கும் கலவரம் மூண்டது. ஊர்வலம் கோக்கோவுக்காக நடந்ததன்று. ஆயினும் கலவரத்தின் காரணங்களை ஆராய்ந்த வாட்சன் குழு, மக்களின் மனக்குறைகளில் ஒன்றாக இந்த மரவெட்டையும் குறிப்பிட்டது. ஒரு தாவர நோய் ஒரு நாட்டின் விடுதலை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது!

வெட்டு நிறுத்தி வைக்கப்பட்டது. வெளிநாட்டு அறிஞர் குழு ஒன்று வந்து நோயை மீண்டும் ஆராய்ந்தது. அக்குழுவும் வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்றே முடிவு கூறியது. அறிவியல் வென்றது என்று இங்கே எழுதி முடித்துவிடலாம். ஆனால் அதன்பின் வேலை நடந்தது அறிவியல் விளக்கத்தால் மட்டும் அன்று. வெட்டிய மரத்திற்கு நட்ட ஈடும், புதிய கன்று வைக்க உதவித் தொகையும் கொடுத்ததால்தான் நடந்தது. அன்று தொடங்கி இதுவரை கானாவில் வெட்டப்பட்ட கோக்கோ மரங்கள் 20 கோடிக்கும் மேல். நோய் இன்னும் ஒழியவில்லை.

அதே விவசாயி, வேறு நடத்தை

இனி ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். வெட்ட மறுத்த அதே விவசாயிகள், இன்னொரு புதுமுறையைச் சில ஆண்டுகளிலேயே ஏற்றுக்கொண்டார்கள். கோக்கோவின் இளந்தண்டிலும் காயிலும் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி ஒன்று உண்டு. அங்கே அதை அக்காட்டே என்பார்கள். அது குத்திய புண்ணின் வழியாகப் பூசணம் புகுந்து கிளை காய்ந்துபோகும். 1950களில் டாஃபோ ஆய்வாளர்கள் லின்டேன் என்ற மருந்தைப் பரிந்துரைத்தார்கள். மருந்தும் தெளிப்பானும் மானிய விலையில் கிடைத்தன. மருந்து அடித்த மறுநாளே பூச்சிகள் செத்துக் கிடந்தன. பட்டுப்போகும் என்று கைவிட்ட மரம் தளிர் விட்டது. பக்கத்துத் தோட்டக்காரர் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அடித்தவருக்குப் பலன் கைமேல் கிடைத்தது. பிறகென்ன? ஊர் ஊராகத் தெளிப்பான் முழங்கியது. 1964-65ல் கானாவின் விளைச்சல் ஐந்தரை இலட்சம் டன்னைத் தாண்டியதற்கு இம்மருந்தும் ஒரு காரணம். (இந்த மருந்து மண்ணிலும் நீரிலும் நெடுநாள் தங்கும் நஞ்சு என்பதும், அதை ஆற்றில் ஊற்றி மீன் பிடித்தவர்கள் இருந்தார்கள் என்பதும் வேறு கதை. நல்ல வேளையாக இப்போது அது புழக்கத்தில் இல்லை.)

ஆனால் இங்கும் ஆய்வாளர் சொன்னபடியே எல்லாம் நடக்கவில்லை. ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர், டிசம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை தெளிக்க வேண்டும் என்பது பரிந்துரை. பலர் இரண்டு முறையோடு நிறுத்திக்கொண்டார்கள். ஏன்? கண்ணுக்குத் தெரிந்த பூச்சி செத்துவிட்டது என்பது ஒன்று. ஆகஸ்டு மாதம் முந்திய அறுவடைப் பணம் தீர்ந்துபோய்க் கடன் வாங்கும் காலம் என்பது மற்றொன்று. தெளிப்பதற்கு வேண்டிய தண்ணீரை ஓடையிலிருந்து தலையில் சுமந்து வருபவர்கள் வீட்டுப் பெண்கள். காய் உடைப்பதும், புளிக்க வைப்பதும், உலர்த்துவதும் அவர்கள் கை வேலையே. ஆனால் பயிற்சிக் கூட்டத்திற்கு அழைக்கப்படுபவர் பெரும்பாலும் வீட்டு ஆண்மகன். ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு இன்னொருவர் அதைச் செய்யவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்வது என்ன நியாயம்?

புதுமுறைகளை மக்கள் எப்படி ஏற்கிறார்கள் என்ற ஆராய்ச்சிக்கு முன்னோடி, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ராயன், கிராஸ் என்ற இருவர் செய்து 1943ல் வெளியிட்ட ஆய்வு. வீரிய மக்காச்சோளம் பரவிய விதத்தை அவர்கள் 259 விவசாயிகளிடம் கேட்டறிந்தார்கள். இருவரைத் தவிர மற்ற அனைவரும் புது விதைக்கு மாறியிருந்தனர். ஆனால் அதைப் பற்றி முதலில் கேள்விப்பட்டதற்கும் ஏற்றுக்கொண்டதற்கும் இடையே சராசரியாக ஒன்பது ஆண்டுகள்போல் கழிந்திருந்தன. படிப்பும் பத்திரிகையும் வானொலியும் உள்ள ஊரிலேயே இந்த நிலை! அதுவும் மக்காச்சோளம் சில மாதப் பயிர். வயலின் ஓரத்தில் நாலு வரிசை விதைத்துப் பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் அடுத்த ஆண்டு பழைய விதைக்கே திரும்பலாம். கோக்கோ அப்படியா? வைத்தால் முப்பது ஆண்டு நிற்கும். தவறாக வைத்துவிட்டால், தவறு தெரியவே ஐந்து ஆண்டு ஆகும். சோதித்துப் பார்க்கச் சிறு மூலை கிடையாது. வாழ்க்கையே சோதனைக் களம்.

நிழலும் புது இரகமும்

டாஃபோ நிலையம் சிறந்த வீரிய இரகங்களை உருவாக்கியது. பவுண்ட் என்பவர் 1930களின் இறுதியில் மேல் அமேசான் பகுதியில் திரட்டிய கோக்கோவின் வழிவந்தவை 1944ல் டிரினிடாடிலிருந்து கானாவுக்கு வந்தன. அவற்றைக் கலந்து பெற்ற மரங்கள் மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கின. பழைய அமெலொனாடோ இரகமோ ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். விளைச்சலும் அதிகம். விவசாயிகள் இதை விரும்பினார்கள். ஆனால் விரும்பியவர்களும் எல்லாத் தோட்டத்தையும் மாற்றவில்லை. புது இரகம் ஆண்டில் பல மாதங்களுக்குப் பரவிக் காய்க்கிறது. அதற்கேற்ப ஆள் வேண்டும். உரமும் மருந்தும் தவறாமல் வேண்டும். கவனிக்காமல் விட்டால் விரைவில் நலிந்துவிடும். பழைய மரமோ, நாலு மாதம் திரும்பிப் பார்க்காவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது. பணமும் ஆளும் குறைந்த முதியவர் ஒருவர் பழைய மரத்தையே வைத்துக்கொண்டால், அதைப் பிடிவாதம் என்பீர்களா?

நிழல் மரங்களின் கதை இன்னும் சுவையானது. நிழலை நீக்கி உரமிட்டால் விளைச்சல் ஏறக்குறைய மூன்று மடங்காகும் என்று 1950களில் டாஃபோவில் தொடங்கிய ஒரு நீண்ட சோதனை காட்டியது. ஆனால் சோதனை தொடரத் தொடர வேறொன்றும் தெரிந்தது. வெயிலில் நின்று வாரி வழங்கிய மரங்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் களைத்து, விளைச்சல் மளமளவென்று சரிந்தது. நிழலில் நின்றவை குறைவாகக் கொடுத்தாலும் நெடுநாள் கொடுத்தன. முதல் சில ஆண்டு முடிவை மட்டும் பார்த்து நிழலை நீக்கச் சொல்லியிருந்தால், தயங்கிய விவசாயியே சரி என்று ஆகியிருக்கும்.

இன்றோ ஆலோசனை தலைகீழாக மாறியிருக்கிறது. மழையும் வெப்பமும் முறை தவறும் காலம் என்பதால், நிழல் மரங்களை வளருங்கள் என்கிறார்கள். விவசாயி அதற்கும் தயங்குகிறார்! காரணம் சட்டத்தில் இருக்கிறது. கானாவின் 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலத்தில் தானாக முளைத்த காட்டு மரங்கள் அரசுத் தலைவரின் பொறுப்பில் உள்ளவை. விவசாயி அதை முப்பது ஆண்டு பேணி வளர்க்கலாம், விற்க முடியாது. உரிமம் பெற்ற மரவெட்டுக் கம்பெனி ஒருநாள் வந்து அதை அறுத்துச் செல்லும். சாயும் பெருமரம் கீழே நிற்கும் கோக்கோவையும் நசுக்கும். ஆகவே நல்ல சாதி மரக்கன்று முளைத்தால், அது கண்ணில் படும் அளவுக்கு வளருமுன் கிள்ளி எறிவதே புத்திசாலித்தனம் என்று பலர் முடிவு செய்தார்கள்.

மரம் போனால் நிலமும் போகும்

எல்லாவற்றையும்விட நுட்பமான காரணம் இதுதான். கானாவில் கோக்கோ பயிரிடுவோரில் பலர் நிலத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். நம் ஊர் வார முறையைப் போன்ற ஏற்பாடுகள் அங்கே உண்டு. அபுசா என்றால் மூன்றில் ஒரு பங்கு. அபுனு என்றால் பாதி. அபுனு முறையில், வெளியூரிலிருந்து வந்தவர் காட்டைத் திருத்திக் கோக்கோ வைத்து வளர்ப்பார். மரம் காய்ப்புக்கு வந்ததும் தோட்டம் அவருக்கும் நிலக்காரருக்கும் பாதிப் பாதியாகப் பிரியும். பல ஊர்களில் வழங்கும் புரிதல் என்ன தெரியுமா? மரம் நிற்கும்வரைதான் உழைத்தவருக்கு அந்நிலத்தில் உரிமை. மரங்கள் அழிந்தால் நிலம் நிலக்காரரிடமே திரும்பும்.

இப்போது அந்தக் கோடரியை மீண்டும் நினைத்துப் பாருங்கள். "நோயுற்ற மரங்களை வெட்டிப் புதிதாக நடு" என்று அலுவலர் சொல்லும்போது, வாரக்காரரின் காதில் விழுவது "உன் நிலப் பத்திரத்தைக் கிழித்துப் போடு" என்பதே. நாற்பது ஆண்டு வயதான, பாதி பட்டுப்போன மரத்தை அவர் ஏன் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? இலைகளையும் வேர்களையும் மட்டும் ஆராய்ந்தால் இந்தக் காரணம் ஒருநாளும் அகப்படாது.

மறுநடவுக்கு இன்னொரு தடையும் உண்டு. பிரெஞ்சு ஆய்வாளர் ஃபிரான்சுவா ரூஃப் அதைக் 'காட்டு வாடகை' என்ற பொருள்படும் பெயரால் விளக்கினார். புதிதாகத் திருத்திய காட்டில் மண் வளம் மிகுதி, களை குறைவு, நோய் குறைவு. காடு பல நூற்றாண்டு சேர்த்து வைத்ததை முதல் கோக்கோ மரம் இலவசமாகத் தின்று வளர்கிறது. அதே இடத்தில் இரண்டாம் முறை நட்டால் களையெடுக்கும் உழைப்பு பெருகும். உரத்திற்குப் பணம் வேண்டும். கன்றும் நிறையச் சாகும். அருகில் காடு இருக்கும்வரை, பழைய தோட்டத்தைப் புதுப்பிப்பதைவிடப் புதுக்காட்டுக்குப் போவதே மலிவு. கானாவின் கோக்கோ மேற்கு மேற்காக நகர்ந்ததற்கும், காடு கரைந்ததற்கும் இந்தக் கணக்கே காரணம். இப்போது மேற்கே போகக் காடு மிச்சமில்லை.

விலை சொல்லும் பாடம்

விலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1947ல் கோக்கோ முழுவதையும் அரசு வாரியமே வாங்கும் முறை வந்தது. 1954ல் நிக்ருமாவின் அரசு, 60 இராத்தல் மூட்டைக்கு 72 ஷில்லிங் என்று விலையைக் கட்டிப்போட்டது. அன்றைய உலகச் சந்தை விலையில் இது பாதிக்கும் குறைவு. மீதிப் பணம் நாட்டு வளர்ச்சிக்கு என்றார்கள். பிந்திய ஆண்டுகளில் விவசாயியின் பங்கு மேலும் தேய்ந்தது. அண்டை நாடான ஐவரி கோஸ்டில் விலை கூடுதலாக இருந்ததால் மூட்டைகள் இரவோடு இரவாக எல்லை தாண்டின. தோட்டங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1983ல் வறட்சியும் காட்டுத் தீயும் சேர்ந்துகொண்டன. ஐந்தரை இலட்சம் டன் விளைந்த நாட்டில் 1983-84ல் கிடைத்தது 1 இலட்சத்து 60 ஆயிரம் டன் அளவே. விலை இல்லாத பயிருக்கு எந்த ஆராய்ச்சி முடிவும் உதவாது. 1980களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது நம் கேரளத்திலும் பலர் கோக்கோவை வெட்டி எறிந்தார்கள். அங்கே எந்த வைரஸும் தேவைப்படவில்லை.

விலையைத் திருத்தி, 2001 முதல் அரசே ஆட்களை வைத்து இலவசமாக மருந்து தெளித்து, உரமும் கொடுத்த பிறகு, 2010-11ல் கானாவின் விளைச்சல் முதன்முறையாகப் பத்து இலட்சம் டன்னைக் கடந்தது. பிறகு மீண்டும் இறங்குமுகம். வீங்குதண்டு நோய் மேற்குப் பகுதியையும் பிடித்துக்கொண்டது. 2024 மார்ச்சு மாதம் உலகச் சந்தையில் கோக்கோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டி வரலாறு காணாத உயரத்திற்குப் போனது. விலை ஏறினால் விவசாயி மறுநடவு செய்வார் என்றுதானே நினைப்பீர்கள்? விலை தாழ்ந்திருந்தால் புதிதாக நடப் பணம் இல்லை. விலை உயர்ந்தாலோ, நோயுற்ற மரத்தின் கடைசிக் காய்களுக்கும் மதிப்பு உயர்ந்துவிடுகிறது; வெட்ட இன்னும் மனம் வருவதில்லை. போதாக்குறைக்கு, தோட்டத்து மண்ணில் தங்கம் இருக்கிறது என்று பணத்தோடு வந்து நிற்பவர்களும் அங்கே பெருகியிருக்கிறார்கள்.

2018ஆம் ஆண்டையொட்டிக் கானா அரசு தொடங்கிய தோட்டப் புதுப்பிப்புத் திட்டத்தில் ஒரு மாறுதலைக் காணலாம். வெட்டுவதையும் மறுநடவையும் அரசே தன் செலவில் செய்கிறது. கோக்கோக் கன்றுகளுக்கு நிழலாக முதலில் வாழை நடுகிறார்கள். கோக்கோ காய்க்கும் வரை வாழைத்தார் குடும்பத்துக்குச் சோறு போடும். நட்ட ஈடு நிலக்காரருக்குத் தனியாகவும், பயிரிட்ட வாரக்காரருக்குத் தனியாகவும் கொடுக்கப்படுகிறது. வெட்டிய பிறகும் அந்த நிலத்தில் வாரக்காரர் தொடர்ந்து பயிரிடலாம் என்பதை நிலக்காரரிடம் பேசி முடிவு செய்த பின்பே தோட்டத்துக்குள் ஆள் இறங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சு முடிய, மரத்தை வெட்டுவதைவிட அதிக நாள் ஆகிறது.